வெள்ளைச் சீருடை, கறுப்புக் கல்: கடலோரக் காவல்படையினருக்குச் சேலத்தில் நினைவுக் கல் செய்வது எப்படி இருக்கிறது?

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்கப் பல மணி நேரப் பயணம். இருந்தும் இந்த மாவட்டத்திலிருந்து இந்தியக் கடலோரக் காவல்படைக்குப் போய்ப் பணி செய்தவர்கள் உண்டு. அவர்கள் மறைந்த பிறகு வீட்டு முகப்பிலோ, தோட்டத்திலோ, கல்லறையிலோ ஒரு நினைவுக் கல் வைக்கவும், பதக்கங்களைச் சட்டம் போட்டு மாட்டவும் குடும்பத்தார் இங்குள்ள பட்டறைகளுக்குத்தான் வருகிறார்கள். அந்த வேலைகளின் தரம் பற்றிய மதிப்பீடு இது. எந்தக் கடையின் பெயரும் இதில் வராது. கடைக்குக் கடை ஆள் மாறினாலும் குறை நிறைகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். கல் அறுப்பு, பாலிஷ், ஓர வேலை ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நாலரை. எழுத்து வெட்டுக்கு நான்கு. எழுத்தைச் சரிபார்த்துத் தருவதற்கு இரண்டு. படை, பதவி, சின்னம் பற்றிய விவரத்துக்கு ஒன்றரை. பதக்கச் சட்டத்துக்கு இரண்டு. கையில் தொழில் இருக்கிறது, ஆனால் கடலோரக் காவல்படை என்றால் என்னவென்று பட்டறைக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு போவது வாங்குபவரின் பொறுப்பாகிவிடுகிறது.

முதல் தவறு பெயரிலேயே நடக்கிறது. 'கடலோரக் காவல்படை' என்று எழுதிக் கொடுத்தாலும் கணினியில் இருப்பவர் 'கடற்படை' என்று தட்டிவிடுவார். இல்லையென்றால் 'கடலோரப் பாதுகாப்புக் குழுமம்' என்று போடுவார். கடற்படை வேறு படை. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழ்நாடு காவல்துறையின் பிரிவு. நாம் பேசுவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் ஒன்றிய ஆயுதப் படையைப் பற்றி. 'முன்னாள் இராணுவ வீரர்' என்ற பொது வார்த்தையும் இங்கே பொருந்தாது. கல்லில் 'இந்தியக் கடலோரக் காவல்படை' என்று முழுப் பெயரும் இருக்கட்டும்.

அடுத்தது ஆண்டு. இந்தப் படை இடைக்கால அமைப்பாகத் தொடங்கியது 1977 பிப்ரவரி 1 அன்று. தனிச் சட்டம் வந்தது 1978 ஆகஸ்டில். ஆகவே '1974 முதல் கடலோரக் காவல்படையில்' என்று ஒரு கல் சொன்னால் அது பிழை. தொடக்க காலத்தில் கடற்படையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் பலர். அப்படிப்பட்டவருக்குக் கடற்படைப் பணிக்கு ஒரு வரி, கடலோரக் காவல்படைப் பணிக்கு ஒரு வரி என்று பிரித்துப் போட வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் அடைத்தால் கல் மிச்சமாகும், வரலாறு கெடும்.

பதவிப் பெயரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாவிக், உத்தம் நாவிக், பிரதான் நாவிக் என்று போய், அதற்கு மேல் அதிகாரி, உத்தம் அதிகாரி, பிரதான் அதிகாரி என்று படிகள் வரும். இந்த 'அதிகாரி' ஒரு குறிப்பிட்ட பதவியின் பெயர். கமாண்டன்ட், துணைக் கமாண்டன்ட் போன்ற ஆணையுரிமை பெற்ற பதவிகள் வேறு. ஆனால் கல்லில் 'அதிகாரி' என்று மட்டும் இருந்தால் தமிழ் படிப்பவர் பொதுவான ஆபீசர் என்றே எடுத்துக்கொள்வார். 'பதவி: உத்தம் அதிகாரி' என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் குழப்பம் தீரும். இயந்திரப் பிரிவில் இருந்தவர் யாந்திரிக். அதை 'மெக்கானிக்' என்று மொழிபெயர்க்க விடாதீர்கள். பதக்கம் வாங்கியவராக இருந்தால் அதன் பெயர் 'தட்ரக்ஷக்'. ஆங்கிலச் சான்றிதழைப் பார்த்துத் தட்டுபவர்கள் 'தத்ரக்ஷக்' என்று போட்டுவிடுகிறார்கள். குடியரசுத் தலைவரின் தட்ரக்ஷக் பதக்கம் ஒன்று, தட்ரக்ஷக் பதக்கம் மற்றொன்று. சான்றிதழில் உள்ளது எதுவோ அதை மட்டும் எழுத வேண்டும்.

'தோற்றம், மறைவு' என்று இரண்டு தேதி போடுவது நம் வழக்கம். பணியில் இறந்தவர்களுக்கு இந்த இரண்டாவது தேதி எளிதாக அமையாது. 2015 ஜூன் 8 இரவு சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் போன டோர்னியர் விமானம் மூன்று பேருடன் கடலில் மறைந்தது. அதன் கறுப்புப் பெட்டி கடலடியில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மறுமாதம்தான் எடுக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 2 அன்று குஜராத்தின் போர்பந்தர் அருகே கடலில் விழுந்த ஹெலிகாப்டரின் விமானி ஒருவருடைய உடல் ஒரு மாதத்துக்கும் மேல் கழித்தே கிடைத்தது. இப்படிப்பட்ட நிலையில் காணாமல்போன நாள், உடல் கிடைத்த நாள், சான்றிதழில் உள்ள நாள் என்று மூன்று தேதி வந்து நிற்கும். 'மறைவு' என்பதற்கு நேரே சான்றிதழ்த் தேதி இருக்கட்டும். மற்றதைக் குடும்பம் விரும்பினால் கீழே தனி வரியாகச் சேர்க்கலாம். 'வீரமரணம்' என்ற சொல்லைப் பணியில் இறந்தவருக்கு மட்டும் வையுங்கள். ஓய்வுபெற்று எழுபது வயதில் வீட்டில் கண்மூடியவருக்கு அந்தச் சொல்லைப் பட்டறைக்காரர் மரியாதைக்காகச் சேர்த்துத் தருவார். பணிவாக மறுத்துவிடலாம்.

கல்லைப் பார்ப்போம். கேட்பவர்களில் பெரும்பாலோர் கறுப்புக் கிரானைட்டைத்தான் எடுக்கிறார்கள், அதுவே சரியும்கூட. 2 அடிக்கு 1½ அடி, 20 மில்லிமீட்டர் கனம் என்றால் ஏறக்குறைய 16 கிலோ வரும். சுவரில் பதிக்க அது போதும். நட்டு நிறுத்துவதாக இருந்தால் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கறுப்பு போதாத கல்லுக்குச் சாயமோ எண்ணெயோ ஏற்றி விற்பதுண்டு. வெள்ளைப் பஞ்சைத் தின்னரில் நனைத்து, கல்லின் பின்பக்கத்திலும் ஓரத்திலும் அழுத்தித் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் அந்தக் கல் வேண்டாம். ஓரிரு வருட வெயிலில் அது சாம்பல் பூத்துவிடும்.

ஏற்காட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் சில 'எங்கள் மலைக் கல்லிலேயே வேண்டும்' என்று கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடக்கும் பலகையைப் பார்த்து, புவியியலாளர் ஹாலந்து அந்த வகைப் பாறைக்கு வைத்த பெயர் அது. பெயரே ஒரு நினைவுக் கல்லிலிருந்து வந்த பாறை. பார்க்க நீலம் கலந்த சாம்பலாக, எண்ணெய் தடவினாற்போல இருக்கும். ஆனால் இதில் லேசர் எடுபடாது, எழுத்துக்கும் கல்லுக்கும் நிற வேறுபாடு குறைவு. உளியால் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழம் வெட்டி, பெயரும் தேதியும் மட்டும் போடுவதாக இருந்தால் எடுங்கள். படம் வேண்டுமென்றால் கறுப்புக்கே போய்விடுங்கள்.

எழுத்து வெட்ட இங்கே மூன்று வழி. லேசர், மணல் வீச்சு, உளி. லேசர் பாலிஷின் மேல்தோலை மட்டும் நொறுக்கி வெண்மையாக்குகிறது, விரலால் தடவினால் ஆழமே தெரியாது. மணல் வீச்சில், எழுத்து வடிவம் வெட்டிய ரப்பர் ஸ்டென்சிலைக் கல்லில் ஒட்டி, மணலை வேகமாக அடித்து 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இறக்கலாம். உளி வேலை இன்னும் அழகு, ஆனால் தமிழ் எழுத்தைச் சுழியோடு வெட்டத் தெரிந்த கை குறைந்துவருகிறது. வெளியில் வைக்கும் கல்லுக்கு எங்கள் தேர்வு மணல் வீச்சு. லேசர் எழுத்து நனைந்தால் மங்கிவிடும். காலை பத்து மணி வரை பனி இறங்கும் ஏற்காட்டில் பாதி நாள் பெயரே தெரியாது.

தமிழுக்கு ஸ்டென்சில் வெட்டும்போது உள்வட்டங்கள்தான் தொல்லை. ண, ழ, ஞ, ணை போன்றவற்றில் சுழிக்குள் நிற்கும் ரப்பர்த் துண்டு மிகச் சிறியதாக இருந்தால் மணலின் வேகத்தில் பிய்ந்து போகும். சுழி அடைத்து ஒரு குழியாகிவிடும். பெயர் எழுத்து 30 மில்லிமீட்டர் உயரம், மற்ற வரிகள் 20 மில்லிமீட்டர் என்று வைத்தால் இந்தத் தொல்லை வராது. ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியைத் தமிழுக்கு வைக்கக் கூடாது. மேலே கொக்கியும் கீழே காலும் இருப்பதால் எழுத்து உயரத்தைப்போல் 1.8 மடங்கு வேண்டும். இந்தக் கணக்கில் மேலே சொன்ன அளவுக் கல்லுக்குச் சில வரிகள்தான் கொள்ளும். பேரன் பேத்தி பெயரெல்லாம் போட ஆசைப்பட்டால் பெரிய கல் வாங்குங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள்.

இனி எழுத்துப் பிழை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரி யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் இருக்கும். பட்டறையின் பழைய கோரல்டிரா வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு அல்லாத பாமினி மாதிரியான எழுத்துரு ஓடும். நேரே ஒட்டினால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் ஏறும். அதைச் சரிசெய்ய மறுபடி கையால் தட்டுகிறார்கள். பிழை நுழைவது அங்கேதான். வெட்டுவதற்கு முன் முழு அளவில் தாளில் அச்செடுத்துக் கேளுங்கள். கைபேசியில் அனுப்பும் படத்தை வைத்து 'சரி' சொல்ல வேண்டாம். தாளைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்தால் கண் ஏமாறாது. குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். கல்லில் வெட்டிய பிழையைத் திருத்த வழி ஒன்றுதான்: மொத்தப் பரப்பையும் இழைத்து மறுபடி பாலிஷ் போடுவது. அதற்குப் புதுக் கல்லே மலிவு.

படையின் முழக்கம் 'வயம் ரக்ஷாமஹ', நாங்கள் காக்கிறோம் என்று பொருள். தேவநாகரியில் போடுவதாக இருந்தால் கடைசியில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி உண்டு. கல்லில் ஏதோ அழுக்கு என்று நினைத்து அதை அழித்துவிட்டு வெட்டுவார்கள், சொல்லி வையுங்கள்.

இப்போது படம். வெள்ளைச் சீருடைப் படத்தைக் கறுப்புக் கல்லில் இறக்குவது லேசர்க்காரருக்கு உண்மையான சோதனை. கறுப்புக் கல்லில் லேசர் பட்ட இடம்தான் வெள்ளையாகும். வெள்ளைச் சட்டை முழுவதும் எரிந்தால் மடிப்பும் பொத்தானும் தோள்பட்டைப் பட்டையும் கரைந்து ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். தொப்பி வெளுத்து, முகம் கறுத்து, யாரென்றே தெரியாது. இதற்குத் தீர்வு உண்டு. பழைய படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்து, சீருடையின் வெண்மையை வெளிர் சாம்பலாக இறக்கி, முகத்தின் நடுத்தர நிழல்களை ஏற்றி, பிறகு புள்ளியாக்க வேண்டும். அங்குலத்துக்கு 200 முதல் 300 புள்ளி போதும். கல்லின் படிகம் அதைவிட நுணுக்கம் தாங்காது. இதே கல்லின் வெட்டுத் துண்டில் முகத்தை மட்டும் ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பட்டறை தயங்காமல் செய்யும். தயங்கும் பட்டறையில் படம் போட வேண்டாம், எழுத்து மட்டும் போதும்.

கைபேசிச் செயலியில் 'தெளிவாக்கி'த் தரும் படங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவை கண்ணையும் மூக்கையும் புதிதாக வரைகின்றன, தோள் சின்னத்தில் பட்டை கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. முகம் மாறினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். பதவிப் பட்டை மாறினால் உடன் பணியாற்றியவர் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

கப்பல் படம் கேட்டால் கணினியில் முதலில் கிடைப்பதைப் போடுகிறார்கள். பாதி நேரம் அது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கப்பலாக இருக்கும். அதன் சாய்பட்டை சிவப்பு. நம் கப்பல் வெள்ளை உடலில் ஆரஞ்சும் நீலமுமான சாய்பட்டை கொண்டது. முழுச் சாம்பல் நிறக் கப்பல் என்றால் அது கடற்படையுடையது. அக்ரிலிக்கில் கப்பல் பொம்மை செய்து தருகிறார்களே, அதிலும் இதே குழப்பம்தான். மறைந்தவர் பணியாற்றிய கப்பலின் பெயரும் பக்கவாட்டு எண்ணும் தெரிந்தால் மட்டும் கப்பலைப் போடுங்கள். தெரியாவிட்டால் ஒரு நங்கூரம் அழகாக நிற்கும்.

சின்னமும் கொடியும் சட்டம் தொடும் இடம். அசோகச் சிங்க முத்திரையைத் தனியார் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 'சத்யமேவ ஜயதே' இல்லாத சிங்கமுகம் முழுமையான சின்னமும் அல்ல. வீட்டுக் கல்லுக்கு அது இல்லாமலே இருக்கட்டும். மூவர்ணக் கொடியைப் பின்னணியாக வரைந்து அதன் மேல் பெயரை எழுதித் தரும் மாதிரிகள் எல்லாக் கடை ஆல்பத்திலும் இருக்கின்றன. கொடியின் மேல் எழுத்துப் பொறிப்பதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அவமதிப்பாகக் கருதுகிறது. வரைந்தே ஆக வேண்டுமென்றால் கொடி தனியாக, எழுத்து தனியாக. நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு பங்கு, சக்கரத்துக்கு 24 ஆரம். ஒரு கல்லில் ஆரத்தை எண்ணிப் பாருங்கள், வேலையின் யோக்கியதை அதிலேயே தெரிந்துவிடும். படையின் கொடி வேறு: நீலத் துணி, கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் தேசியக் கொடி, மறுபுறம் படையின் சின்னம்.

பதக்கச் சட்டத்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுத்ததற்குக் காரணம் பசைதான். பதக்கத்தின் முதுகில் இருபக்க டேப் ஒட்டி வெல்வெட்டில் அழுத்திவிடுகிறார்கள். சில வருடத்தில் டேப்பின் பசை உருகி நாடாவில் ஊறும், பதக்கம் கண்ணாடிக்குள் விழுந்து கிடக்கும். சாதாரணப் படச் சட்டத்தின் ஆழமும் போதாது. குறைந்தது 35 மில்லிமீட்டர் உள் ஆழம் வேண்டும், கண்ணாடி பதக்கத்தைத் தொடக் கூடாது. நாடாவை அமிலமில்லாத அட்டையில் பாலியஸ்டர் நூலால் தையுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் கம்பளி, ரப்பர் போன்றவையும் வெளிவிடும் ஆவியில் வெள்ளி கறுக்கும், தேக்கு பரவாயில்லை. கறுத்த பதக்கத்தைச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிறவர்களிடம் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கொலுசு பளபளக்கும் சக்கரத்தில் பதக்கத்தின் முத்திரையும் ஓரத்தில் பொறித்த பெயரும் தேய்ந்துவிடும்.

வரிசையும் முக்கியம். உயர்ந்த பதக்கம் அணிபவரின் மார்பு நடுவை ஒட்டி வரும், அதாவது பார்ப்பவருக்கு இடது ஓரத்தில். கடைக்காரர் பெரியதை நடுவில் வைத்து இருபக்கமும் சிறியதை அடுக்குவார், கோயில் அலங்காரம் மாதிரி. படத்தில் அவர் அணிந்திருந்த வரிசையையே பின்பற்றச் சொல்லுங்கள். சான்றிதழின் அசலைச் சட்டத்துக்குள் வைக்காதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. நகல் எடுத்து மாட்டினால் போதும். இணையத்தில் விற்கும் முக்கோணக் கொடிப் பெட்டி அமெரிக்க வழக்கம். நம் கொடியைக் காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடித்து, சக்கரமும் இரு நிறங்களின் சிறு பகுதியும் தெரியும்படி செவ்வகமாக வைக்க வேண்டும்.

உலோகத் தகடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருக்காலை உள்ள ஊர், துருப்பிடிக்காத எஃகுத் தகடு நன்றாகவே கிடைக்கும். 1.5 மில்லிமீட்டர் தகட்டில் அரித்து எடுத்த எழுத்துக்குச் சேலத்தில் 304 தரம் போதும். மண்டபம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்கு அனுப்புவதாக இருந்தால் 316 கேளுங்கள். உப்புக்காற்றில் 304-இல் பழுப்புப் புள்ளி பூக்கும்.

கல்லை நிறுத்தும் வேலையைப் பட்டறை பெரும்பாலும் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறது, கெடுவதும் அங்கேதான். இரும்புக் கம்பி வைத்து நிறுத்தினால் துரு ஊதிக் கல்லைப் பிளக்கும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இரண்டு, எப்பாக்சியோடு, பீடத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஏற்காட்டுச் சரிவில் வைப்பதானால் பீடத்தின் மேற்புறப் பின்பக்கம் தண்ணீர் தேங்காமல் ஒரு சிறு கால்வாய் வெட்டுங்கள். ஒரு பருவமழையில் மண் நகர்ந்து கல் சாய்வதற்குத் தேங்கும் தண்ணீரே காரணம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் கல்லைப் படுக்க வைக்காமல், மரச் சட்டத்தில் செங்குத்தாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். படுக்க வைத்த பலகை குலுக்கலில் நடுவில் விரியும்.

சிமெண்டுக் கறை போகக் கொத்தனார் ஆசிட் ஊற்றுவார், தடுத்துவிடுங்கள். கறுப்புக் கல் வெளுக்கும். திதிக்கு எண்ணெய் பூசுவதும் சந்தனம் குழைத்து அப்புவதும் எழுத்துக் குழியில் பிசுக்காகத் தங்கும். பூமாலையும் ஒரு விளக்கும் போதும். கழுவத் தண்ணீரும் மெதுவான பிரஷும் தவிர வேறெதுவும் தேவையில்லை.

இப்போது கியூஆர் குறியும் பொறித்துத் தருகிறார்கள். கறுப்புக் கல்லில் அப்படியே அடித்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி, சில கைபேசிகள் படிக்காது. பின்னணியை எரித்து, கட்டங்களைக் கறுப்பாக விடச் சொல்ல வேண்டும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெண்மையும் வேண்டும். அது சுட்டும் இணையப் பக்கத்துக்கு வருடா வருடம் யார் பணம் கட்டுவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

பில் மூன்று கணக்கில் வரும்: கல் சதுர அடிக்கு, எழுத்து எண்ணிக்கைக்கு, லேசர் படம் சதுர அங்குலத்துக்கு. 'கொ' ஒரு எழுத்தா மூன்றா, புள்ளிக்குத் தனிக் காசு உண்டா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிப்ரவரி 1 படை தொடங்கிய நாள் என்பதால் அன்றைக்கே கல்லைத் திறக்க விரும்புவோர் மார்கழிக்குள் கல்லைத் தேர்ந்துவிடுவது நல்லது. தை பிறந்தால் கிரகப்பிரவேச வேலை வந்து குவிந்துவிடும்.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கல் என்று நினைப்பவர்கள் கீழே மூன்று வரிக்கு இடம் விடச் சொல்லிவிட்டு, ஸ்டென்சில் வெட்டிய கணினிக் கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு பட்டறையில் வேறு எழுத்தில் வெட்டினால் ஒரே கல்லில் இரண்டு கையெழுத்து போலத் தெரியும்.